சொரியாசிஸ்காரனின் கடல் குளியல்

முழங்கையிலும் கெண்டைக்காலிலும் எனக்குச் சொரியாசிஸ் (தோல் சிவந்து தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) வந்து 11 வருடம் ஆகிறது. வீடு உடன்குடியில். திருச்செந்தூர் கடலுக்குப் பஸ் ஏறினால் ஆயிற்று. "கடல்ல முங்கு, எல்லாம் போயிரும்" என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. போகாது. ஆனால் செதில் ஊறிக் கழன்றுவிடும், எனக்கு இரண்டு மூன்று நாள் அரிப்பும் அடங்கும். அதுவும் முறையாகக் குளித்தால்தான். முதல் தடவை உப்போடு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வீடு வருவதற்குள் தோல் கருவாடாகிவிட்டது.

கிளம்பும் முன் தோலைப் பாருங்கள். வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் அன்று கடல் வேண்டாம். எரிச்சலாவது பரவாயில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்று ஒரு பாக்டீரியா உண்டு, அது திறந்த புண் வழியாக உள்ளே போய்விடும். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மழைக்கு மறுநாளும், ஓடைத் தண்ணீர் கலக்கும் இடத்திலும் நான் இறங்குவதில்லை.

காலை எட்டு மணிக்குள் போய்விடுவேன். இளவெயில் இந்த நோய்க்கு நல்லது, ஆனால் தோல் வெந்தால் நோய் கூடும். இடுப்பளவுத் தண்ணீரில் 15 நிமிடம், அவ்வளவுதான். இந்தக் கணக்கு 2005-இல் ஜெர்மனியின் கீல் நகரத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து எடுத்தது. வறண்டு அரிக்கும் தோல் உள்ளவர்களை ஒரு கையை 5 சதவீத சாக்கடல் (இஸ்ரேல், ஜோர்டான் எல்லையில் இருக்கும் உப்பு ஏரி) உப்புக் கரைசலிலும், மறு கையைக் குழாய்த் தண்ணீரிலும் 15 நிமிடம் வைக்கச் சொன்னார்கள். உப்புக் கரைசலில் வைத்த கையில் ஈரம் தங்கியது, சிவப்பும் குறைந்தது. அதிலிருக்கும் மக்னீசியம்தான் காரணம் என்றார்கள். நம் கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம், சாக்கடலில் அதைப்போல் பத்து மடங்கு. அங்கே போய் வந்தவர்களுக்குக் கிடைத்த பலனை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். என் பெரியம்மா பேச்சைக் கேட்டுத் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் கீறல் விழுந்த கோட்டிலேயே புதிதாகப் படை கிளம்பியது. தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே முளைப்பது இந்த நோயின் குணம் என்று டாக்டர் பிறகு சொன்னார். செதிலை உள்ளங்கையால் நீவினாலே போதும்.

அடுத்ததுதான் முக்கியம்: நல்ல தண்ணீர். திருச்செந்தூரில் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றில் குளிப்பது வழக்கம். அலைக்குப் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. அந்த முறையை ஏற்படுத்தியவர் யாரோ, தோலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்றுதான் எனக்குத் தோன்றும். சஷ்டி, விசாகம் சமயத்தில் கூட்டத்தில் கிட்டவே போக முடியாது. அதனால் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறேன். சோப்பு போடுவதில்லை. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிட வேண்டும். டாக்டர் கொடுத்த களிம்பையும் நிறுத்தாதீர்கள். நான் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, முதுகு வரை பரவவிட்டேன்.

சரி, கடல் பக்கத்தில் இல்லாதவர்கள்? பத்து லிட்டர் வாளியில் 350 கிராம் கல் உப்பு கரைத்தால் ஏறக்குறைய கடல் அளவு உப்பு வந்துவிடும். கை காலை முக்கலாம், ஈரத்துணி சுற்றலாம். ஆனால் அது முழுக் கடல்நீர் ஆகாது. உப்பளப் பாத்தியில் சமையல் உப்புதான் முதலில் படியும். மக்னீசியத்தில் பெரும்பங்கு, உப்பை வாரியபின் நிற்கும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். செதில் ஊற இது போதும். அப்புறம், அந்த வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அப்படித்தான் பட்டுப்போனது.