பிரிட்டனிக் கடற்கரையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

பிரான்சின் வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனிக்கு வரும் நம்மவர்களுக்கு வழி சொல்வது எனக்குப் பாதி வேலையாகவே ஆகிவிட்டது. நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். மழைச்சட்டை எடுத்து வாருங்கள், ஆகஸ்டில் அறை கிடைக்காது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஓத அட்டவணை பார்க்காமல் பயணம் வகுப்பது

ஓதம் என்பது கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவது. எத்தனை முறை சொன்னாலும் இந்த எரிச்சல் எனக்குத் தீரவில்லை. மெரினாவில் வளர்ந்த கண்ணுக்குக் கடல் இருந்த இடத்திலேயே இருக்கும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் மாறுவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பிரிட்டனியில் மதில் சூழ்ந்த துறைமுக ஊரான சான் மாலோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் ஏறிவிடும், அதுவும் சீராக ஏறாது. முதல் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் மொத்தத்தில் பாதி வந்துவிடும். “இவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லையே” என்று ஆள் சாவகாசமாக உட்காரும் நேரமும் அதுதான்.

அந்த ஊரின் கோட்டை மதிலுக்கு எதிரே கிராந் பே என்ற சிறு தீவு இருக்கிறது. வற்றத்தின்போது நடந்தே போகலாம். 1848இல் இறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பெயர்கூடப் பொறிக்காத கல், ஒரு சிலுவை. வருகிறவர்களும் கடலைப் பார்த்தே நிற்பார்கள். திரும்பும் பாதையோ முதுகுப்பக்கம்.

ஒரு கோடையில் ஒரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டது. “முழங்கால் அளவுதான் தெரிகிறது, ஓடிவிடலாமா அண்ணா?” என்று தந்தை தொலைபேசியில் கேட்டார். குழந்தைகளோடு இறங்கவே கூடாது என்றேன். கல் முழுக்கப் பாசி, நீரோட்டம் வேறு. வற்றும்வரை மணிக்கணக்காகத் தீவில் இருந்தார்கள். ரென்னிலிருந்து பாரிஸ் ரயில் போய்விட்டது. டிக்கெட்டை மாற்றவும் முடியாது. ஐவருக்கும் கடைசி நேர விலையில் புது டிக்கெட், கூடுதலாக ஓர் இரவு அறை. ஓத அட்டவணை அவர்கள் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையிலேயே இருந்ததாம்!

அதில் வற்ற நேரத்தைப் பாருங்கள். அது நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போய்வந்தவர் சொன்ன நேரம் இன்றைக்கு ஆகாது. பக்கத்தில் 20 முதல் 120 வரை போகும் ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட ஓதம் பெரிது. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்துவார்கள். அந்த ஒரு மணியைக் கூட்டாமல் அச்சிட்ட அட்டவணைகளும் உண்டு. தலைப்பில் இருப்பதைப் படியுங்கள்.

இந்த ஏற்றவற்றத்தை நம்பித்தான் 1966இல் பக்கத்து ரான்ஸ் முகத்துவாரத்தில் 240 மெகாவாட் மின்நிலையத்தைத் திறந்தார்கள். தினாருக்குப் போகும் சாலை அதன் மேலேயே செல்கிறது.

மோன் சான் மிஷேலைப் பிரிட்டனியில் சேர்ப்பது

கடல் நடுவே மடாலயம் நிற்கும் அந்தத் தீவு பக்கத்து மாநிலமான நார்மண்டியில் இருக்கிறது. பிரிட்டனிக்காரரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

சான் மாலோவின் வீடுகளைப் பழமை என்று நம்புவது

மதில் பழையது. உள்ளே பெரும்பகுதி 1944 ஆகஸ்டில் எரிந்து, பழைய சாயலில் மீண்டும் கட்டப்பட்டது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர் இது. அவர் பார்த்த தெருக்களைத் தேடாதீர்கள்.

கார்னாக்கில் கற்களுக்கு நடுவே நடக்க எண்ணுவது

வரலாற்றுக்கு முந்திய மக்கள் வரிசை வரிசையாக நட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள். கோடைப் பருவத்தில் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள்.

லோரியாங்கில் புதுச்சேரியைத் தேடுவது

1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுந்த துறைமுகம், புதுச்சேரிக்குக் கப்பல் புறப்பட்ட இடம் என்று ஆசையாக வருகிறார்கள். 1943 குண்டுவீச்சில் ஊர் தரைமட்டமானது. அந்த வரலாறு வேண்டுமென்றால் எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். படகு இருக்கிறது.