750-இல் எழுந்த மேடு: துகள் இயற்பியல் செய்தி படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

2015 டிசம்பர் 15 அன்று, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் ஆளுக்கொரு வரைபடம் காட்டின. புரோட்டான் மோதல்களில் ஜோடியாக வெளிவரும் ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) கூட்டு நிறையைக் குறித்துக்கொண்டே போனால், எண்ணிக்கை சீராக இறங்கவேண்டும். ஆனால் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) பக்கம் மட்டும் சில புள்ளிகள் கோட்டுக்கு மேலே நின்றன. ஏற்கனவே தெரிந்த ஹிக்ஸ் போசான் துகளைவிட ஆறு மடங்கு கனமான புதுத் துகளோ? நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில், ஏறக்குறைய நான்கு மடங்கு புதுத் தரவு வந்ததும் மேடு கரைந்துவிட்டது.

கட்டுரை எழுதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். யோசிப்பது அவர்கள் வேலை. 'புதுத் துகள் கிடைத்தாச்சு' என்று நாம் நம்புவதுதான் தவறு. அந்த மேட்டில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வுகள். 100 நிகழ்வு எதிர்பார்க்கும் இடத்தில் பத்து கூடுவதும் குறைவதும் சகஜம், அதாவது 10 சதவீதம். 10,000 என்றால் ஊசலாட்டம் சுமார் 100, வெறும் 1 சதவீதம். தரவு நூறு மடங்கானால் துல்லியம் பத்து மடங்குதான் கூடும் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். இரட்டிப்புத் தரவு, இரட்டிப்புத் துல்லியம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், சிக்மா எண்ணை மட்டும் பார்ப்பது. வழக்கமான தற்செயல் ஊசலாட்டத்தைவிட மேடு எத்தனை மடங்கு பெரிது என்று சொல்வதுதான் சிக்மா. அட்லஸின் மேடு அந்த ஓர் இடத்தில் 3.6 சிக்மா. ஆனால் நூறு இடங்களில் தேடினால் எங்காவது ஒன்று தற்செயலாகத் துருத்தும். அதையும் கணக்கில் சேர்த்தபோது சுமார் 2 சிக்மாதான் மிஞ்சியது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும்: வெறும் தற்செயலால் அப்படி வர, சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு.

சரி, தரவு குவிந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். செர்னின் இன்னொரு குழுவான எல்எச்சிபி 2021 மார்ச்சில், பி குவார்க் (ஒரு கனமான அடிப்படைத் துகள்) கொண்ட துகள்கள் சிதையும்போது எலக்ட்ரானையும் அதன் கனமான உறவான மியூவானையும் கோட்பாடு சொல்வதுபோல் சமமாக நடத்துவதில்லை என்று 3.1 சிக்மா அளவில் காட்டியது. 2022 டிசம்பரில் அந்த முரண்பாடு மறைந்தது. வேறு துகள்கள் சில எலக்ட்ரான் வேடத்தில் கணக்குக்குள் நுழைந்திருந்தன. அவற்றைக் கூடுதல் மோதல்கள் விரட்டவில்லை. அதே மோதல்களை இன்னும் கறாராகச் சலித்தபோதுதான் பிடிபட்டன.