பாத அறுவை சிகிச்சை: 'மொத்தம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள்

சிறிய கிராமப்புற மருத்துவமனையில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர், படுக்கை, நர்சிங் கட்டணம் மட்டுமே. எலும்பு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் வெளியிலிருந்து வருபவர்களாக இருந்தால் அவர்களுக்குத் தனி பில் வரலாம். காப்பீடு இருந்தால், மருத்துவமனை மட்டுமல்ல, அந்த இருவரும் அதில் அடங்குகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தொகை அதிகம் எகிறுவது எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே வைக்கும் ஸ்க்ரூ, பிளேட்டில்தான். எந்த உலோகம், எத்தனை, ஒன்றின் விலை என்ன என்று எழுதி வாங்குங்கள். உள்ளே வைத்தவற்றின் பெயர், எண் உள்ள பாக்கெட் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பில்லைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழியில்லை.

விரல் போன்ற சிறிய அறுவைக்குக் கணுக்காலை மட்டும் மரக்க வைத்தால் போதுமா என்று கேட்கலாம். முடியுமென்றால் அன்றே வீடு திரும்பலாம், படுக்கைச் செலவு மிச்சம்.

பலர் மறப்பது பிந்தைய செலவு: கட்டு மாற்றுதல், எக்ஸ்ரே, ஊன்றுகோல், நடைக்காலணி, பிசியோதெரபி. எலும்பு அசையாமலிருக்கப் போட்டு, தோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பியைப் பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் எடுப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்குப் புண் ஆறத் தாமதமாகலாம். கட்டுச் செலவைக் கூடுதலாகவே கணக்கிடுங்கள்.