வெப் ஆப் கட்டப் போறீங்களா? ஃபிரேம்வொர்க் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது இப்படித்தான்

யாராச்சும் ஒரு ஆப் கட்டணும்னு வந்தா முதல் கேள்வியே "லாராவெல்லா, ஜாங்கோவா, ரியாக்ட்டா"ன்னுதான் வருது (ஃபிரேம்வொர்க்னா எல்லா ஆப்புக்கும் வேண்டிய பாகங்கள முன்னாடியே எழுதி வெச்சிருக்கிற கோடு; லாராவெல் பிஹெச்பி மொழிக்கு, ஜாங்கோ பைத்தானுக்கு, ரியாக்ட் ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்கிரீன் கட்ட), ஆப் என்ன செய்யப்போவுதுன்னு கேட்டா அப்புறம்தான் யோசிக்கிறாங்க. அந்த வரிசைய மாத்துங்க போதும், பாதி குழப்பம் அங்கேயே போயிரும்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கேட்டரிங் கடை, கல்யாணம், திருவிழா, ஆபீஸ் லஞ்ச்னு ஆர்டர் எடுக்கிறாங்க. இப்ப எல்லாமே வாட்ஸ்அப்லயும் ஒரு நோட்டுலயும் ஓடுது, அத ஆன்லைனுக்குக் கொண்டுவரணும். கம்ப்யூட்டரத் திறக்காதீங்க, பேப்பர எடுங்க. யாரு லாகின் பண்ணுவா, காசு ஆன்லைன்ல வருமா, யாரோட விவரத்த நம்ம கையில வெச்சுக்கிறோம், எந்தெந்த ஸ்கிரீன்ல 'சேவ்' பட்டன் இருக்கு, இவ்வளவுதான் எழுதணும்.

எழுதிப் பாத்தா சில சமயம் எதுவுமே இருக்காது. மெனு, விலை, நாலு போட்டோ, கீழ வாட்ஸ்அப் லிங்க், அவ்வளவுதான் கடைக்காரங்க கேக்குறாங்க. அப்படின்னா ஃபிரேம்வொர்க் பேச்சே வேணாம். வெறும் ஹெச்டிஎம்எல், கொஞ்சம் சிஎஸ்எஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ்ல சும்மாவே ஏத்தி விட்டுரலாம். இதுக்குப் போயி ரியாக்ட் போடுறவங்கள நான் பாத்திருக்கேன், ரெசுமேக்கு நல்லாருக்கும், கடைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

'சேவ்' பட்டன் வந்துருச்சு, லாகின் வந்துருச்சுன்னா கதை வேற. இப்ப நீங்க எழுத வேண்டியத எண்ணிப் பாருங்க: எந்த யூஆர்எல்லுக்கு எந்தக் கோடுன்னு பிரிக்கிறது, செஷன் (யாரு லாகின் பண்ணியிருக்காங்கன்னு ஞாபகம் வெச்சுக்கிறது), பாஸ்வேர்ட ஹேஷ் பண்ணி (திரும்பப் படிக்க முடியாத மாதிரி மாத்தி) வெக்கிறது, ஃபார்ம்ல வர்றத சரிபாக்கிறது, டேட்டாபேஸ் டேபிள் மாறுனா அத மாத்துறது, பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்கு இமெயில். ஃபிரேம்வொர்க் இல்லாம இதெல்லாம் முடியாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பிஹெச்பில 2013ல வந்த 5.5 வெர்ஷன்லேருந்தே பாஸ்வேர்ட் ஹேஷ் பண்ண தனி ஃபங்ஷன் இருக்கு, பிடிஓங்கிற அதோட டேட்டாபேஸ் கருவி வழியா எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸுக்குக் குடுக்கிற கட்டளைய) பாதுகாப்பா அனுப்பலாம், எல்லாமே கையாலயும் செய்யலாம். பிரச்சன என்னன்னா, ஒவ்வொரு இடத்துலயும் ஞாபகமா செய்யணும். டி'குரூஸ்னு ஒருத்தர் பேர் போட்டு ஆர்டர் குடுக்கிறாரு, அந்த ஒத்தக் குறி உங்க எஸ்க்யூஎல்ல ஒட்டி எழுதுன வரிய உடைச்சிருது, அதே ஓட்ட வழியாத்தான் திருடனும் உள்ள வருவான். ஜாங்கோலயோ லாராவெல்லயோ சாதாரணமா எழுதுனாலே அந்த ஓட்ட அடைஞ்சிருக்கும், டெம்ப்ளேட்ல (பக்கத்தோட அச்சுல) பேரக் காட்டும்போதும் அதுவே எஸ்கேப் பண்ணிரும், அதாவது பேருக்குள்ள கோடு ஒளிச்சு வெச்சாலும் ஓடாம வெறும் எழுத்தாத்தான் காட்டும். நீங்க தூக்கக் கலக்கத்துல எழுதுன ஸ்கிரீனுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்குது பாருங்க, நான் ஃபிரேம்வொர்க் பக்கம் சாயுறதுக்கு அதுதான் முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் கடைக்கார அக்கா கேக்குற கேள்வி. "தம்பி, தீபாவளி வந்தா விலை ஏத்துவோம், அதுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்களத்தான் கூப்பிடணுமா?" இந்தக் கேள்வி வந்துச்சுன்னா அட்மின் ஸ்கிரீன் வேணும்னு அர்த்தம். ஜாங்கோ கான்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கிற ஊரு பத்திரிகை ஆபீஸ்ல பொறந்து 2005ல வெளிய வந்தது, கோடு தெரியாத நிருபருங்க செய்தி ஏத்தணும்ங்கிற தேவையிலதான் அந்த அட்மின் பக்கமே வந்துச்சு. மெனு ஐட்டம்னா பேரு, விலை, சைவமா அசைவமான்னு மாடல் (டேட்டாபேஸ் டேபிளோட வடிவம்) எழுதி ஒரு வரி ரெஜிஸ்டர் பண்ணிட்டா அக்காவுக்கு சேர்க்க, மாத்த, அழிக்க ஸ்கிரீன் ரெடி. லாராவெல்ல அட்மின் தனியா சேர்க்கணும், ஃபிலமென்ட் மாதிரி பேக்கேஜ் இருக்கு. கையால எழுதுனா இந்த ஒரு விஷயமே ஆப்போட பாதி வேலைய தின்னுரும்.

இதுவரைக்கும் கேட்டா ஃபிரேம்வொர்க்தான் எல்லாம்னு தோணும். அது கல்யாண மண்டபம் எடுக்கிற மாதிரிதான், நாற்காலி, மேசை, லைட்டு எல்லாம் சேர்ந்தே வரும், ஆனா அவங்க சொல்ற இடத்துலதான் அடுப்பு வெக்கணும், சமையல் நீங்கதான் பண்ணணும்.

அந்த சமையல் எவ்வளவுன்னு டெபாசிட் ஸ்கிரீன்ல பாக்கலாம். கஸ்டமர் எஃப்பிஎக்ஸ் (மலேசியாவுல பேங்க் கணக்குலேருந்து நேரா ஆன்லைன்ல காசு கட்டுற முறை) வழியா முன்பணம் கட்டுறாரு. பேங்க் பக்கத்துல "சக்சஸ்ஃபுல்"னு வந்த உடனே பாதி பேரு பிரௌசர மூடிருவாங்க, நம்ம சைட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. திரும்பி வந்தாத்தான் 'பெய்ட்'னு மார்க் பண்ற மாதிரி எழுதியிருந்தா காசு வந்துருக்கும், ஆர்டர் வராது, அக்கா போன் அடிப்பாங்க. அதனால பேமென்ட் கேட்வே (நடுவுல நின்னு காசு வாங்கித் தர்ற சேவை) நம்ம சர்வருக்குத் தனியா ஒரு கால்பேக், அதாவது காசு கட்டியாச்சுன்னு ஒரு தகவல், அனுப்பும், அதத்தான் நம்பணும். இப்ப வேடிக்கையப் பாருங்க, வெளியாள் அனுப்புற ஃபார்ம தடுக்கிறதுக்காக ஃபிரேம்வொர்க் ஒரு சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (நம்ம சைட்டே குடுக்கிற ரகசியக் குறி) கேக்கும், கேட்வே கிட்ட அது எப்படி இருக்கும்? லாராவெல் 419ன்னு எரர் நம்பர் போட்டுத் திருப்பி அனுப்பிரும், ஜாங்கோ 403ன்னு அனுப்பிரும். அந்த ஒரு ரூட்டுக்கு (கால்பேக் வர்ற யூஆர்எல்லுக்கு) மட்டும் விலக்கு குடுக்கணும், குடுத்துட்டு அப்படியே விட்டுறக்கூடாது, கேட்வே அனுப்புற சிக்னேச்சர (அவங்க அனுப்புனதுதான்னு காட்டுற முத்திரைய) நம்ம சீக்ரெட் கீ வெச்சு சரிபாக்கணும், தொகை ஆர்டரோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும், அதே கால்பேக் ரெண்டாவது தடவ வந்தா எதையும் மாத்தாம 200ன்னு ('சரி, கிடைச்சுது'ன்னு அர்த்தம்) பதில் குடுக்கணும். இதுல எதையும் ஃபிரேம்வொர்க் செஞ்சு குடுக்காது.

இன்னொண்ணு நேரம். புதுசா போட்ட லாராவெல்லும் ஜாங்கோவும் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துலதான் ஓடும், நம்ம மலேசியா அதவிட எட்டு மணி நேரம் முன்னாடி. காலைல அஞ்சு மணிக்கு சமையல்காரங்க 'இன்றைய ஆர்டர்' லிஸ்ட்டத் திறந்தா சர்வருக்கு இன்னும் நேத்துதான், நேத்து லிஸ்ட்டு வரும், எட்டு மணிக்கு மேல தானா சரியாயிரும், அதனால ஆபீஸ்ல உக்காந்து டெஸ்ட் பண்றவங்களுக்கு இது கண்ணுலயே படாது. செட்டிங்ல ஏசியா/கோலாலம்பூர்னு மாத்திட்டு விடியக்காலைல ஒரு தடவ திறந்து பாருங்க. அப்புறம் நம்ம ஆளுங்க பேருல வர்ற ஏ/எல், ஏ/பி (இன்னாரோட மகன், மகள்னு அர்த்தம்), அந்தப் பேரையே பிடிஎஃப் ஃபைலுக்கு வெச்சா நடுவுல இருக்கிற சாய்வுக் கோட்ட ஃபோல்டர்னு நெனச்சு சேவ் ஆகாது. ஐசி நம்பர (பொறந்த வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கத்துல தொடங்குற அடையாள அட்டை எண்) எண்ணா சேமிச்சா 2000லேருந்து 2009க்குள்ள பொறந்தவங்களோட முதல் சைபர் காணாம போயிரும், டெக்ஸ்ட்டாத்தான் வெக்கணும். ஆனா கேட்டரிங்குக்கு ஐசி எதுக்கு லா? கேக்காதீங்க. பிடிபிஏங்கிற மலேசியாவோட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 2024ல திருத்தம் வந்து உச்ச அபராதம் பத்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆயிருச்சு, 2025 ஜூன் 1லேருந்து டேட்டா கசிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள தரவுப் பாதுகாப்பு கமிஷனருக்குச் சொல்லணும். கையில இல்லாதது கசியாது.

அடுத்து, எங்க ஓடப்போவுது. கடைக்காரங்க நெறைய பேரு ஏற்கெனவே மலிவான சிபேனல் ஹோஸ்டிங் (சைட்ட ஓட்ட வாடகைக்குக் கிடைக்கிற சர்வர் இடம்) வாங்கி வெச்சிருப்பாங்க. அதுல பிஹெச்பி சுகமா ஓடும், பைத்தானோ நோடோ (சர்வர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்) ஓட்டுறது ஹோஸ்டிங்கப் பொறுத்தது, வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. லாராவெல்லயும் ஒரு பொறி இருக்கு, வெளிய தெரிய வேண்டியது 'பப்ளிக்' ஃபோல்டர் மட்டும்தான், ஆனா அவசரத்துல மொத்த ப்ராஜெக்ட்டையும் ஹோஸ்டிங்ல வெளிய தெரியுற 'பப்ளிக் ஹெச்டிஎம்எல்' ஃபோல்டருக்குள்ள கொட்டிருவாங்க. கொட்டுனா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற என்வி ஃபைல ஊரே படிக்கலாம். ஏத்துன உடனே பிரௌசர்ல சைட் அட்ரஸ் போட்டு, பின்னாடி ஒரு ஸ்லாஷ், ஒரு புள்ளி, என்விங்கிற மூணு ஆங்கில எழுத்து அடிச்சுப் பாருங்க, ஏதாச்சும் தெரிஞ்சுதுன்னா சைட்ட இறக்கிட்டு பாஸ்வேர்ட எல்லாம் மாத்திட்டுத்தான் மறுவேல.

முன்பக்கத்துக்கு (கஸ்டமர் பாக்குற ஸ்கிரீனுக்கு) ரியாக்ட், இல்ல அதே மாதிரி வியூ வேணுமாங்கிறது தனிக் கேள்வி, இதோட போட்டு குழப்பிக்காதீங்க. ஆளு எண்ணிக்கைய மாத்துனா மொத்த விலை மாறணும், அதுக்கு இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். சமையல் ஸ்கிரீன்ல புது ஆர்டர் வரணும், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ ரீஃப்ரெஷ் ஆனா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. மண்டபத்துல மேசைய இழுத்து இழுத்து அடுக்குற மாதிரி ஸ்கிரீன் கேட்டா அப்ப ரியாக்ட் எடுங்க, நியாயம்.

ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் மாதிரி சின்ன ஃபிரேம்வொர்க்கும் உண்டு. ரெண்டு மூணு ரூட்டு மட்டும் இருக்கிற ஏபிஐக்கு (ஒரு ஆப் இன்னொரு ஆப்போட பேசுற வழி) அருமை. லாகினும் அட்மினும் இருக்கிற ஆப்புக்கு எடுத்தா ஒவ்வொரு பாகமா நீங்களே தேடி ஒட்டணும், கடைசில உங்களுக்கு மட்டுமே புரியுற ஒரு சொந்த ஃபிரேம்வொர்க் வந்து நிக்கும், அதுக்கு டாக்குமென்டேஷனும் கிடையாது.

எடுக்கிறதுன்னு முடிவாயிருச்சுன்னா டுட்டோரியல் செஞ்சு பாத்துட்டு ஓகேன்னு சொல்லாதீங்க, டுட்டோரியல் எப்பவுமே அந்த ஃபிரேம்வொர்க்குக்கு ஒத்துப்போற மாதிரிதான் எழுதியிருப்பாங்க. உங்க ஆப்ல இருக்கிறதுலயே கஷ்டமான ஸ்கிரீன், இங்க டெபாசிட் ஸ்கிரீன், அத மட்டும் ஒரு வீக்கெண்ட்ல கட்டிப் பாருங்க. உங்க நேரம் எஃப்பிஎக்ஸ்ஸோட மல்லுக்கட்டுறதுல போச்சுன்னா சரியான தேர்வு, ஃபிரேம்வொர்க்கோடயே மல்லுக்கட்டுறதுல போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேறயப் பாருங்க.

எல்லாம் கட்டி ஒப்படைச்ச பிறகு யாரு பாத்துக்குவாங்கிறதையும் கொட்டேஷன் போடும்போதே பேசிருங்க. லாராவெல்ல ஒவ்வொரு வெர்ஷனுக்கும் செக்யூரிட்டி ஃபிக்ஸ் ரெண்டு வருஷம்தான், ஜாங்கோவோட எல்டிஎஸ் (நீண்டகால சப்போர்ட்) வெர்ஷனுக்கு மூணு வருஷம். முன்பக்க ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சுது, வியூ 2க்கு 2023 டிசம்பர் 31, அதுல கட்டுனவங்க நெறைய பேரு திரும்ப எழுத வேண்டியதாயிருச்சு. வெறும் பிஹெச்பின்னாலும் தப்பிக்க முடியாது, 7.4க்கே 2022 நவம்பர்ல முடிஞ்சு போச்சு, ஆனா மாத்த வேண்டியது கொஞ்சமாத்தான் இருக்கும். அதனால ஒரே தடவ காசு, அப்புறம் யாரும் தொட மாட்டாங்கன்னு தெரிஞ்ச சின்ன வேலைன்னா நான் வெறும் பிஹெச்பி பக்கம்தான் போவேன், அதுவும் ரெண்டு மூணு ஃபார்முக்குள்ள இருந்தாத்தான். மத்தபடி வருஷ பராமரிப்புன்னு தனியா ஒரு வரி போட்டு விலைய எழுதுங்க, எந்த வெர்ஷன், சப்போர்ட் எப்ப முடியுதுன்னு ரீட்மீல (ப்ராஜெக்ட்டோட குறிப்பு ஃபைல்ல) குறிச்சு வைங்க. ஜாங்கோ 5.2ன்னா 2028 ஏப்ரல், காலண்டர்ல அந்த ஜனவரிக்கே ரிமைண்டர் போட்டுட்டு கடைக்கார அக்கா போன்லயும் அதையே போட்டு விடுங்க, அப்ப பில் நீட்டும்போது "இது எதுக்கு தம்பி"ன்னு கேக்க மாட்டாங்க.