கப்பலில் வால்ட்ஸ் ஆட வேலூரிலேயே பழகிக்கொள்வது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பல்கள் சிலவற்றில் பால்ரூம் நடன வகுப்பு உண்டு. பால்ரூம் என்றால் இருவர் ஜோடியாகக் கைகோத்து ஆடும் மேற்கத்திய நடனங்கள், வால்ட்ஸ் அவற்றில் ஒன்று. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் கடலிலேயே ஓடும் நாளில் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் நடக்கும். எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில் என்பது முந்தின நாள் மாலையே நிகழ்ச்சித் தாளில் வந்துவிடும். விசா, விமானம், அறை பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த முக்கால் மணியில் புதிதாக யாரும் நடனம் கற்றுக்கொண்டுவிட முடியாது. ஆசிரியர் இரண்டு முறை ஆடிக் காட்டிவிட்டு இசையைப் போட்டுவிடுவார். கால் பழகியவர்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் கால்களை ஊரிலேயே பழக்கிவிட்டு, வகுப்பைத் துணையோடும் கூட்டத்தோடும் ஆடிப் பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் என் கணவரும் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது

வால்ட்ஸில். சா-சா-சா என்ற இன்னொரு ஜோடி நடனம் எளிது என்று பலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. அது நிமிடத்துக்கு 120 தாளத் தட்டுகளுக்குக் குறையாமல் ஓடும், நடுவில் இரண்டு தட்டுக்குள் மூன்று அடி வேறு நுழைக்க வேண்டும். மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டுகள்தான். ஒரு தட்டுக்கு ஓர் அடி. வியன்னா வால்ட்ஸ் என்று ஒன்று உண்டு, இதைப் போல் இரு மடங்கு வேகம். அதை வாசித்தால் உட்கார்ந்து காபி குடியுங்கள்.

தாளம்

வால்ட்ஸின் ஒவ்வொரு சுற்றும் மூன்று தட்டு, அழுத்தம் முதல் தட்டில். ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணாதீர்கள், ‘தகிட தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் கும்மிப் பாட்டுகள் பலவும் இந்தத் திஸ்ர நடைதான், அதாவது மும்மூன்றாக வரும் தாளம்தான். கும்மி கொட்டிப் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கைபேசியில் இலவச மெட்ரோனோம் (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவி) செயலி ஒன்றை இறக்கி, மூன்று தட்டு என்று அமைத்து, நிமிடத்துக்கு 75 தட்டில் தொடங்குங்கள். யூடியூப் காணொளிகளைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். காணொளியில் ஆசிரியர் நம்மைப் பார்த்து நின்று ஆடினால் அவருடைய வலது நமக்கு இடதாகத் தெரிந்து குழப்பும். பார்த்தே தீர வேண்டுமென்றால் முதுகுப் பக்கமிருந்து எடுத்ததைத் தேடிப் பாருங்கள்.

பெட்டி அடி

வழிநடத்துபவருக்கு (வழக்கமாக ஆண்):

த: இடது கால் முன்னே.
கி: வலது காலை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, தோள் அகலத்துக்கு வலப்பக்கம்.
ட: இடது காலை வலது காலோடு சேர்க்க வேண்டும்.
த: வலது கால் பின்னே.
கி: இடது காலை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, இடப்பக்கம்.
ட: வலது காலை இடது காலோடு சேர்க்க வேண்டும்.

தரையில் ஒரு பெட்டி வடிவம் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்திருப்பீர்கள். எதிரே நிற்பவர் பின் பாதியை முதலில் ஆடுவார். அவருக்கு முதல் அடி வலது கால் பின்னே.

‘ட’வில்தான் எல்லாம் இருக்கிறது

எழுதியதைப் படித்தால் எளிதாகத் தெரியும். ஆடத் தொடங்கியதும் இரண்டாவது சுற்றிலேயே யாரோ ஒருவருடைய கால் நசுங்கும். நாங்கள் அதிக நாள் தங்கிய இடம் இதுதான்.

காரணம் இது: காலைச் சேர்ப்பது என்றால் நிற்பது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. இடது கால் வலது காலின் பக்கத்தில் வந்து சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். உடம்பின் பாரம் முழுவதும் இன்னும் வலது காலில்தான். அடுத்து வலது கால் பின்னே போக வேண்டும். பாரம் தாங்கும் கால் எப்படி நகரும்? சும்மா இருக்கும் இடது கால்தான் மறுபடி முன்னே பாயும். எதிரே இருப்பவரோ அதே நேரத்தில் சரியாக முன்னே வந்துகொண்டிருப்பார்.

எனவே ‘ட’ என்னும்போது காலைச் சேர்த்தால் போதாது, பாரத்தையும் அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: ‘ட’ சொன்னதும் அசையாமல் நின்று, மற்றக் காலைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். உடம்பு சாயாமல் கால் எழும்பினால் பாரம் மாறிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் மாறவில்லை.

பெட்டியை மறந்துவிட்டு நின்ற இடத்திலேயே நடை போடுங்கள்: இடது-வலது-இடது, வலது-இடது-வலது. மூன்று ஒற்றைப்படை என்பதால் ‘த’ ஒரு முறை இடது காலிலும் மறுமுறை வலது காலிலும் விழும். அந்த மாற்றம் யோசிக்காமல் வரும்வரை கைகோக்க வேண்டாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் இதற்குப் போதும். மொட்டை மாடியில் பழகுவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் விடியும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கை

வழிநடத்துபவருடைய இடது கையில் எதிரே நிற்பவருடைய வலது கை. வழிநடத்துபவருடைய வலது கை எதிரே நிற்பவருடைய இடது தோள்பட்டை எலும்பின் மேல். எதிரே நிற்பவருடைய இடது கை வழிநடத்துபவருடைய மேற்கையில். முழங்கை தொங்கக் கூடாது. கூச்சமாக இருந்தால் ஒரு முழம் இடைவெளி விட்டு நில்லுங்கள், ஆட்டத்துக்குக் கேடில்லை.

காலணியும் சேலையும்

ரப்பர் அடிப்பாகம் வேண்டவே வேண்டாம். அது தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்க, உடம்பு திரும்ப, முழங்கால் முறுகும். இதற்கென்று விற்கும் ஸ்வேட் (சொரசொரப்பான மென்தோல்) அடிப்பாகக் காலணி விலை அதிகம். நம் ஊர்க்காரர்களுக்கு அது தேவையுமில்லை. 2019இல் மாவட்டம் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டாலும், தோல் அடிப்பாகம் வைத்த காலணிக்கு அங்கேதான் போகிறோம். பழைய காலணி நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் மெல்லிய தோல் ஒட்டச் சொல்லுங்கள், சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி. பெண்களுக்குக் கணுக்காலில் வார் உள்ளது அவசியம். ஈரமான மேல்தளத்தில் மட்டும் இதைப் போட்டு நடக்காதீர்கள், வழுக்கும்.

சேலை கட்டி ஆடலாம். ஆனால் பெண்ணின் முதல் அடி பின்னே போவதால் குதிகால் கரையில் மாட்டும், முன்னே வரும் ஆணின் கால் கொசுவத்தை மிதிக்கும். கணுக்கால் தெரியும்படி உயர்த்திக் கட்டி, முந்தானையை ஊக்கு குத்திவிடுங்கள். பட்டு வேண்டாம். என்னைக் கேட்டால் சுடிதார்தான்.

கப்பலில்

வகுப்பில் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஆசிரியர் எல்லோரையும் திரும்பச் சொன்னதும் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். நடு வரிசைதான் பாதுகாப்பு.

இரவில் ஆடும்போது நடனத் தளத்தைச் சுற்றி ஆடுபவர்கள் இடஞ்சுழியாக நகர்வார்கள், கோயில் பிரகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசை. பெட்டி அடி நின்ற இடத்திலேயே நடப்பது, அதனால் தளத்தின் நடுப்பகுதிக்குப் போய்விடுங்கள். ஓரம் வேகமாக ஆடுபவர்களுக்கு.

கப்பல் ஆடும்போது அடியைப் பாதியாகக் குறைத்து, முழங்காலைத் தளர்த்தி, பாதத்தைத் தரையோடு ஒட்டியே நகர்த்துங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் அசைவு குறைவு. மேல்தளத்து அரங்கிலும் நடன இரவு இருந்தால் நான் கீழேதான் போவேன்.

பின்னர் சேர்த்தது

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, அக்காவோடு போகிறேன், ஆண் துணை இல்லாமல் ஆடலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக ஆடலாம். இருவரில் ஒருவர் வழிநடத்தும் அடியைப் பழகினால் போதும். யார் என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மாறி மாறிப் பழகினால் இரண்டும் வராது. குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் துணையில்லாமல் வருபவர்களோடு ஆடுவதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர், பெட்டி அடி கற்றுக்கொண்டு போனேன், அங்கே ரும்பா என்ற வேறு நடனத்தைச் சொல்லித்தந்தார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறார். அமெரிக்க முறை ரும்பாவும் இதே பெட்டிதான், தாளம்தான் நான்கு தட்டு. முன்னே வைக்கும் அடிக்கு இரண்டு தட்டு, பக்கத்துக்கு ஒன்று, சேர்ப்பதற்கு ஒன்று. ‘தகிட’வை விட்டுவிட்டு ‘தகதிமி’ சொல்லி, ‘தக’ முழுவதும் முதல் அடியிலேயே நில்லுங்கள். சேர்க்கும் காலுக்குப் பாரம் மாற வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.