கரும்புகை என்றதும் டைமிங்கில் கைவைப்பதற்கு முன்

டீசல் எஞ்சின் கரும்புகை கக்கினால் பலருடைய கை முதலில் போவது இன்ஜெக்‌ஷன் டைமிங்கின் மேல்தான், அதாவது சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நேரத்தின் மேல்தான். கொஞ்சம் முன்கூட்டித் தெளிக்க விட்டால் புகை அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பாதிதான் சரி.

வெளியே வருவதுதான் சிலிண்டருக்குள் உருவான கரி முழுவதும் என்று நினைப்பதில் தவறு தொடங்குகிறது. சூடு மிகுந்து, டீசல் அடர்ந்து, காற்று எட்டாத இடத்தில் கரி பிறக்கிறது. பிறகு ஆக்சிஜன் வந்து கலக்க, பெரும்பகுதி உள்ளேயே எரிந்துபோகிறது. தப்பியதைத்தான் நாம் புகையாகப் பார்க்கிறோம். தெளிப்பு தாமதமானால், பிஸ்டன் கீழிறங்கும் நேரத்துக்கு எரிதல் தள்ளிப்போகிறது. இடம் விரிந்து சூடு தணிகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறப்பதற்குள் கரி எரிந்து தீர்வதில்லை.

அப்படியானால் முன்தள்ளிக்கொண்டே போகலாமே என்பது இதைவிட ஆபத்தான தவறு. காற்று போதிய அளவு அழுந்திச் சூடாகும் முன்பே டீசல் வந்துவிட்டால், பற்றிக்கொள்ளத் தாமதமாகிறது. அதுவரை சேர்ந்தது ஒரேயடியாக வெடித்து எரியும்: எஞ்சின் தட்டும், நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். புகைமானி மட்டும் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்! இன்னும் முன்தள்ளினால் டீசல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்.

தாமதம் என்றாலே கரி என்றும் சொல்ல முடியாது. எக்ஸாஸ்ட் வாயுவை நிறையத் திருப்பிவிட்டு, தெளிப்பையும் நன்றாகத் தாமதப்படுத்தினால், டீசல் பற்றுவதற்கு முன்பே காற்றோடு கலக்க அவகாசம் கிடைக்கிறது. அந்த நிலையில் கரி குறைவதும் உண்டு.

காமன் ரெயில் எஞ்சினில், அதாவது ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் எஞ்சினில், இன்ஜெக்டருக்கு மின்கட்டளை போகும் கணத்தையே தெளிப்பு தொடங்கும் கணமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தெளிப்புத் துளைகளை அடைத்திருக்கும் ஊசி எழும்பவும் நேரம் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுழற்சி வேகத்தில் கிராங்க் ஒரு பாகை திரும்ப ஆவது 0.056 மில்லி விநாடி. ஊசி 0.3 மில்லி விநாடி தாமதித்தால் ஐந்து பாகைக்கு மேல் நழுவிவிடுகிறது. அதே ஊசி, அதே தாமதம், 1500-இல் அதில் பாதிதான்.

தெளிப்பு எப்போது தொடங்குகிறது என்பதைப் பார்ப்பவர்கள், எப்போது முடிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. எனக்கு வியப்பே அதுதான். சுமை ஏறினால் தெளிப்பு நீள்கிறது. கடைசியில் விழும் டீசலுக்கு எரியக் கிடைப்பது மிகக் குறைந்த நேரம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, தெளிப்பைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டிப் பாருங்கள். தெளித்து முடித்த பின்னும் நுனியில் ஒரு துளி திரண்டு நின்றால், டைமிங்கை எத்தனை பாகை நகர்த்தினாலும் அந்தத் துளி கரியாகத்தான் வெளியே வரும்.