பாசி ஓரத்தில் ஸ்பின்னர் இழுக்கும்போது

களியக்காவிளைப் பக்கத்துக் குளங்களானாலும் சரி, எல்லை தாண்டிக் கேரளத்து வெள்ளாயணிக் காயலானாலும் சரி, தாமரையும் பாசியும் படர்ந்த ஓரத்தில்தான் வரால் ஒதுங்கி நிற்கும், அதனால் பாசிக்குப் பயந்து நடுத் தண்ணீரில் ஸ்பின்னரை, அதாவது தகடு சுழலும் செயற்கைத் தூண்டில் இரையை, இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் பிளேடை, அதாவது அந்தச் சுழலும் தகட்டைப் பாருங்கள். வட்டமான கொலராடோ பிளேடு மெதுவாக இழுத்தாலும் நன்றாகச் சுழன்று மேலெழும்பி ஓடும். கலங்கல் தண்ணீருக்கு அதுதான் என் தேர்வு. நீண்டு ஒல்லியான வில்லோ பிளேடு ஸ்பின்னரின் நடுக்கம்பியை ஒட்டிச் சுழல்வதால் கொடியில் குறைவாகச் சிக்கும், ஆனால் கொஞ்சம் வேகம் கேட்கும். மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள், பாதித் தொல்லை தீரும். ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டாயம், இல்லாவிட்டால் தங்கூஸ் (தூண்டில் நரம்பு) முறுக்கிக்கொள்ளும்.

வள்ளத்தைப் பாசி விளிம்பை ஒட்டியே மெல்லத் துழாவிக்கொண்டு போங்கள், ஸ்பின்னர் 15, 20 மீட்டர் பின்னால் வரட்டும். ராடு (தூண்டில் கோல்) நுனி படபடவென்று துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நின்றால் பாசி சிக்கிவிட்டது, உடனே சுருட்டி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். வள்ளம் திரும்பும்போது உள்பக்கத்து ஸ்பின்னர் வேகம் குறைந்து பாசிக்குள் தாழும், அப்போது ராடை உயர்த்திப் பிடியுங்கள்.

அப்புறம், தண்ணீர் மேல் சிவந்த குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் அடியில் பெரிய வரால் காவல் நிற்கிறது. ஸ்பின்னர் போனால் பாய்ந்து கடிக்கும், ஆனாலும் தயவுசெய்து விலகிப் போங்கள், அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.